ஆதாரம் கேட்ட மனுசன்

அடுத்தவங்க எழுதினதை அழிக்கறதுக்குன்னே பிறந்த ஆள் ஒருத்தரை எனக்குத் தெரியும். மைசூருக்கு வந்து நான் பட்ட எரிச்சல்ல பாதி அவரால வந்தது. மீதி பாதி வீட்டு ஓனர்களால வந்தது. அவங்களையாவது வீடு மாத்தினதும் மறந்துட்டேன். இவரை மறக்க முடியலை.

சட்டைப் பையில சிவப்புப் பேனா இருக்கும். ஒண்ணு இல்லை, ரெண்டு. ஒண்ணு தீர்ந்து போச்சுன்னா உலகத்தில தப்பெல்லாம் தப்பிச்சுப் போயிடுமே! கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, கழுத்தில கயித்தோட தொங்கற கண்ணாடி, ஸ்கூட்டரை விட்டு இறங்கின பிறகும் கழட்ட மறந்த ஹெல்மெட். அவங்கப்பா ரயில்வே பட்டறை வேலைக்குன்னு வந்து இங்கேயே தங்கிட்டவர். அதனால இவர் தமிழ் பாதி புஸ்தகத்தில இருந்து வரும், பாதி கன்னடத்தில இருந்து வரும். மெஷின் செய்யற ஒரு கம்பெனியில, மெஷினோட வர்ற கையேடு எழுதற உத்தியோகம். வயசு என்னைவிடப் பத்து கூட இருக்கலாம். 'இருக்கலாம்'னு நான் எழுதினதைப் பார்த்தார்னா, அதைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு ஓரத்தில எழுதுவார்: ஆதாரம்?

அந்த ஒரு வார்த்தைதான் அந்த மனுசன். சரஸ்வதிபுரத்தில டிபன் சாப்பிடப் போவோம். சர்வர் பாவம், நல்ல எண்ணத்தில "இட்லி சூடா இருக்கு சார்"ம்பார். இவர் நிமிர்ந்து பார்த்து, "எத்தனை மணிக்கு இறக்கினது?"ன்னு கேப்பார். அடுத்த வாரத்தில இருந்து அந்த சர்வர் எங்க மேஜைப் பக்கமே வர்றதில்லை.

தசரா சமயத்தில ஒரு நாள் நாலு பேர் ஆட்டோவில போறோம். டிரைவர் பாதியில நிறுத்தி, முன்னால ரோடு க்ளோஸ், சுத்திக்கிட்டுத்தான் போகணும்னார். "நீங்க பார்த்தீங்களா?"ன்னார் இவர். எல்லாரும் சொல்றாங்க சார்னு டிரைவர் சொன்னதுதான் தாமதம், இவர் இறங்கிட்டார். கூட்டத்துக்குள்ள புகுந்து, தடுப்புக் கட்டை வரைக்கும் நடந்து போய், அதைக் கையால தொட்டுப் பார்த்துட்டு வந்தார். கால்மணி நேரம் நாங்க வெயில்ல வெந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். வந்து ஏறி, "க்ளோஸ்தான்"னார். டிரைவர் கன்னடத்தில ஏதோ சொன்னார். அதை நான் இங்க எழுத முடியாது.

என் தம்பி கல்யாணப் பத்திரிகை கதை இன்னும் மோசம். மரியாதைக்கு ஒண்ணு கொடுத்து வெச்சேன். நாலு நாள் கழிச்சுத் திருப்பிக் கொண்டு வந்து கொடுத்தார், சிவப்பு மையோட. நாங்க போட்டிருந்த முகூர்த்த நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் முந்தியே அந்த லக்கினம் முடிஞ்சுடுதாம், பஞ்சாங்கத்தில பக்க எண்ணோட ஓரத்தில எழுதியிருந்தார். எங்கம்மா அந்தப் பத்திரிகையைப் பார்த்துட்டு வாயில வந்தபடியெல்லாம் திட்டினாங்க. அப்புறம் ஐயரைக் கேட்டா, "ஆமாங்க, பிரஸ்ல தப்பாப் போட்டுட்டாங்க"ன்னு இழுக்கறார். அந்த ஆள் சொன்னது சரின்னு தெரிஞ்சதும் எங்கம்மாவுக்குக் கோபம் இன்னும் அதிகமாச்சு. எனக்கும்தான்.

இப்படிப்பட்டவரை எங்க பிடிச்சேன்னு கேப்பீங்க. நானாப் போய் மாட்டிக்கிட்டேன். அப்ப எனக்கு ஹெப்பாள் பக்கம் ஒரு கம்பெனியில சாஃப்ட்வேர் சரியா ஓடுதான்னு சோதிக்கற வேலை. ஞாயித்துக்கிழமை காலையில, ஜெராக்ஸ் கடைக்கு மேல இருந்த ஒரு ரூம்ல ஒரு கூட்டம் கூடும். சாஃப்ட்வேருக்குக் காப்புரிமை, அதான் பேடண்ட், கொடுக்காதேன்னு பிரசாரம் பண்ற கூட்டம்.

விஷயம் லேசானதுதான். ஒரு பட்டியலை அடுக்கற வழியை, ஒரு படத்தைச் சுருக்கற வழியை, 'இது நான் முதல்ல கண்டுபிடிச்சது'ன்னு ஒரு கம்பெனி அரசாங்கத்துகிட்ட எழுதி வாங்கிடுதுன்னு வையுங்க. அப்புறம் நீங்க உங்க வீட்டில உட்கார்ந்து, யாரையும் பார்க்காம, சொந்த மூளையில அதே வழியைப் பிடிச்சு ஒரு புரோகிராம் எழுதினாலும் அது அவங்க சொத்து. நோட்டீஸ் வரும். நம்ம சட்டத்தில வெறும் புரோகிராமுக்குக் காப்புரிமை கிடையாதுன்னுதான் இருக்குது. ஒரு மெஷினோட சேர்த்து, சுத்தி வளைச்சு எழுதிக் கொடுத்தா அதுவும் கிடைச்சுடுது. சுத்தி வளைச்சு எழுத அவங்களுக்கு ஆள் இருக்குது. நமக்கு யார் இருக்கா?

அதுக்குத்தான் இணையத்தில ஒரு விக்கி வெச்சிருந்தோம். யார் வேணும்னாலும் எழுதலாம், யார் எழுதினதையும் யார் வேணும்னாலும் திருத்தலாம், அதுதான் விக்கி. எந்தக் காப்புரிமை யார் பொழைப்பைக் கெடுத்தது, எந்த வழி ஏற்கெனவே ஊருக்கே தெரிஞ்சது, ஆட்சேபணை எப்படி எழுதறது, எல்லாத்தையும் அதில சேர்த்தோம். நாளைக்கு எவனாவது 'இது என் கண்டுபிடிப்பு'ன்னு வந்தா, இந்தா பாரு, நீ விண்ணப்பம் போடறதுக்கு முன்னாலயே இங்க எழுதியிருக்குதுன்னு எடுத்துப் போடணும். அவ்வளவுதான் எங்க ஆயுதம்.

அந்த விக்கி ஓடினது இவர் வீட்டுக் கம்ப்யூட்டர்ல, அதோட பாஸ்வேர்டும் இவர்கிட்டத்தான். அறிவு எல்லாருக்கும் பொதுன்னு பேசற கூட்டத்துக்குச் சாவி மட்டும் இவர் இடுப்பில!

சரி, ஒரு பக்கமாவது தானா எழுதியிருப்பாரான்னா, கிடையாது. நான் இருந்த ரெண்டு வருசத்தில ஒரே ஒரு பத்திகூட எழுதலை. நாங்க எழுதுவோம், அவர் அழிப்பார். மருந்துக் கடைகளுக்கு பில் போடற புரோகிராம் எழுதின ஒரு அம்மா வந்தாங்க. ஒரு கம்பெனிக்காரன் போன்ல மிரட்டினான், பயந்து போய் பாதி வசதியை எடுத்துட்டேன்னு கண் கலங்க எழுதிப் போட்டாங்க. மறுநாள் அதைக் காணோம். 'தொலைபேசி உரையாடல். சான்று இல்லை.' அந்தம்மா அப்புறம் வரலை. காப்புரிமை ஆபீஸ்ல இருந்து பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம்னு அறிவிப்பு வந்தது. நாங்க நாப்பது பக்கம் தயார் பண்ணினோம். இவர் கைக்குப் போய் ஒண்ணரைப் பக்கமா வந்தது. அந்த ஒண்ணரைப் பக்கத்தில ஒரு புள்ளியைக்கூட யாராலும் அசைக்க முடியாது. படிக்கவும் யாராலும் முடியாது. பதினஞ்சு பேரா இருந்த கூட்டம் ஏழு பேர் ஆச்சு. அதைப் பத்தி அந்த மனுசனுக்குக் கவலையே இல்லை, கூட்டம் குறைஞ்சதும் ஃபேன் காத்து நல்லா வருதுன்னார்.

அழிச்சதோட விட்டிருந்தாலும் பொறுத்துக்கிட்டிருப்பேன். 'தள்ளுபடிப் பக்கம்'னு ஒண்ணு வெச்சிருந்தார். துணிக்கடைத் தள்ளுபடி இல்லீங்க. யார் எழுதினதையெல்லாம் தள்ளினாரோ, அதையெல்லாம் ஒரு வரி விடாம அங்க கொண்டு போய் வெச்சு, தேதி, நேரம், எழுதினவங்க பேர், தள்ளினதுக்குக் காரணம், கீழே தன் இனிஷியல். உலகமே பார்க்கலாம். போலீஸ் ஸ்டேஷன்ல திருடன் போட்டோ ஒட்டி வைப்பாங்களே, அந்த மாதிரி. எதுக்கு சார் இதுன்னு கேட்டா, "அழிக்கறதுக்கும் ஆதாரம் இருக்கணும் மேடம்"ம்பார்.

அந்தப் பக்கத்தில ஒரு நாள் என் பேரும் ஏறிச்சு.

நான் கொள்ளேகால்காரி. எங்க தாய்மாமன் அங்க பட்டுத்தறி வெச்சிருக்கார். சேலையில ஒரு பூ வரணும்னா, அந்தப் பூவை வரி வரியாப் பிரிச்சு, ஒரு வரிக்கு ஒரு அட்டைன்னு ஓட்டை குத்துவாங்க. அட்டைகளைச் சங்கிலியாக் கோத்துத் தறிக்கு மேல மாட்டினா, ஓட்டைக்குத் தக்கபடி இழை எழும்பி பூ விழும். பூவோட மேல்பாதியும் கீழ்பாதியும் கண்ணாடியில பார்த்த மாதிரி இருந்தா எதுக்கு ரெண்டு தடவை குத்தணும்? பாதிக்குத்தான் அட்டை குத்துவாங்க. பாதிப் பூ முடிஞ்சதும் சங்கிலியைப் பின்பக்கமா ஓட்டுவாங்க, மீதிப் பாதி தானா வந்துடும். நான் அதைப் பார்த்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். டிசைனைக் கொடுத்தா, எந்த வரியில மடிச்சா ரெண்டு பாதியும் ஒத்துப்போகுதுன்னு கண்டுபிடிச்சு, இத்தனை அட்டை போதும், இன்ன அட்டையில திருப்புன்னு சொல்லிடும். அந்தப் புரோகிராமையும் எங்க ஊர் வழக்கத்தையும் எழுதி ஆசை ஆசையா விக்கியில போட்டேன். நான் எழுதினதிலயே அதுதான் எனக்குப் பிடிச்ச பக்கம். எங்க ஊர் இருந்துச்சே அதில!

பதினோராம் நாள் தூக்கிட்டார். தள்ளுபடிப் பக்கத்தில காரணம் இப்படி இருந்தது: 'புத்தக ஆதாரம் இல்லை. மேலும் இது எவருக்கும் தோன்றக்கூடிய சாதாரண விஷயம்.'

முதல் வரி எனக்குப் பழகினதுதான். ரெண்டாவது வரிதான் வயித்தெரிச்சல். அந்த ஞாயித்துக்கிழமை நேரா போய் அவர் முன்னால நின்னேன்.

"ஆதாரம் எங்க மாமா தறியில இருக்குதுங்க சார். பஸ் ஏறினா ரெண்டு மணி நேரம். வாங்க, காட்டறேன்"னேன்.

"தறி ஓடறது ஆதாரம் ஆகாது மேடம். இன்னைக்கு ஓடுதுன்னுதான் காட்டும். அன்னைக்கே ஓடிச்சுன்னு காட்டணும். தேதி போட்டது ஏதாவது இருந்தா கொண்டு வாங்க."

"தேதி போட்டா நெய்வாங்க? எங்க ஊர்க்காரங்க சொல்றது பொய்யா அப்ப?"

"பொய்னு சொல்லலை."

"ரெண்டாவது வரி எழுதியிருக்கீங்களே, எவருக்கும் தோணும்னு. உங்களுக்குத் தோணிச்சா சார்? ஒரு நாளாவது?"

அவர் பேனாவுக்கு மூடி போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். கூட்டத்தில ஒருத்தர், "பிடி மேடம், பிடி"ன்னு கன்னடத்தில என்னைச் சமாதானப்படுத்தினார், விட்டுடுங்கன்னு. நான் விட்டுட்டேன், அந்தக் கூட்டத்தையே. தடதடன்னு படி இறங்கினேன். தசராவுக்குத் தடுப்புக் கட்டை வரைக்கும் நடந்து போய்த் தொட்டுப் பார்க்கத் தெரியுது, கொள்ளேகாலுக்கு ஒரு பஸ் ஏறத் தெரியலையா இந்தப் பெரிய மனுசனுக்குன்னு வழியெல்லாம் திட்டிக்கிட்டே போனேன். வருசக்கணக்கா, பாத்திரம் தேய்க்கறப்ப எல்லாம், அவர் என்கிட்ட வந்து 'நான் எழுதினது தப்பு மேடம்'னு சொல்ற மாதிரி நானே வசனம் எழுதி நானே பேசிக்குவேன்.

அப்புறம் வேலையை விட்டேன். அந்தப் புரோகிராமை நல்லாச் செதுக்கி, கொள்ளேகால், ஹனூர் பக்கம் தறிக்காரங்களுக்குக் கொடுத்தேன். அவங்க தறி அதிலதான் ஓடுது, என் குடும்பமும் அதிலதான் ஓடுது. அப்படி நிம்மதியா இருந்தப்பதான் ஒரு கவர் வந்தது. நெசவு மெஷின் செய்யற வெளியூர்க் கம்பெனி ஒண்ணு அனுப்பின வக்கீல் நோட்டீஸ். நெசவு டிசைன்ல ஒத்துப்போற பாதியைத் தானாக் கண்டுபிடிச்சு, அட்டையைத் திருப்ப வேண்டிய இடத்தைச் சொல்ற முறைக்கு அவங்க காப்புரிமை வாங்கியிருக்காங்களாம். முப்பது நாளுக்குள்ள நான் கொடுத்த எல்லாத் தறியில இருந்தும் என் புரோகிராமை எடுத்துடணுமாம். மூணு தடவை திருப்பித் திருப்பிப் படிச்சேன். எங்க மாமன் ஊர்த் தறியில இருந்து நான் எடுத்த வழியை, நானே எங்க மாமன் தறியில இருந்து பிடுங்கணுமாம்!

சாமராஜபுரத்தில ஒரு வக்கீலம்மாகிட்டப் போனேன். அவங்க கேட்ட முதல் கேள்வி, "அவங்க விண்ணப்பம் போட்ட தேதிக்கு முன்னால இது எங்கயாவது வெளியில வந்திருக்கா?"

"வந்துச்சுங்க. பதினோரு நாள் இருந்துச்சு. ஒரு ஆள் அழிச்சுட்டார்"னு சொல்றப்பவே எனக்கு அந்தத் திருடன் போட்டோப் பக்கம் ஞாபகம் வந்தது. அங்கேயே தேடினோம். அந்த விக்கி இன்னும் ஓடிக்கிட்டு இருந்தது! தள்ளுபடிப் பக்கத்தில, நான் எழுதினது முழுசும், புரோகிராமோட, தேதி நேரத்தோட, அந்தக் கம்பெனி விண்ணப்பத்துக்கு ரெண்டு வருசம் முன்னால இருந்து, யார் வேணும்னாலும் படிக்கற மாதிரி உட்கார்ந்திருந்தது. வக்கீலம்மா கண்ணாடியை ஏத்திக்கிட்டு அடியில இருந்த காரணத்தைப் படிச்சாங்க. படிச்சுட்டு மேஜையைத் தட்டினாங்க.

"ஏம்மா, இந்த ரெண்டாவது வரி தங்கம்! ஒரு விஷயம் துறை தெரிஞ்சவங்களுக்குச் சாதாரணமாத் தோணக்கூடியதுன்னா, அதுக்குக் காப்புரிமை நிக்காது. அதை அன்னைக்கே ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார், அதுவும் உனக்கு வேண்டாத ஆள். அவர்கிட்ட ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிட்டு வா"ன்னு மூணு பத்தி டைப் அடிச்சுக் கொடுத்தாங்க.

யார் வாசலை மிதிக்கக் கூடாதுன்னு இருந்தேனோ, அந்த வாசல்ல போய் நின்னேன். குவெம்புநகர்ல சின்ன வீடு. முன் ரூம்ல அந்தப் பழைய கம்ப்யூட்டர் உறுமிக்கிட்டு இருந்தது. தலை நரைச்சுட்டார், பேனா மட்டும் ரெண்டு அப்படியே இருந்தது. கூட்டமெல்லாம் நடக்குதா சார்னு ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "நடக்குது. நான் ஒருத்தன்தான் வர்றேன்"னார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கிட்டேன்.

பத்திரத்தை வாங்கி, பேனாவைத் திறந்தார். முதல் பத்தியில ஒரு காற்புள்ளி சேர்த்தார். ரெண்டாவதுல ஒரு எழுத்துப் பிழை. மூணாவதுல வந்து நின்னு, முழுப் பத்தியையும் குறுக்கால அடிச்சார்.

"தேதி சரி. பக்கம் எல்லாருக்கும் திறந்திருந்தது சரி. இதுக்குக் கையெழுத்துப் போடறேன். மூணாவது பத்தி முடியாது மேடம்."

"ஏன் முடியாது? 'எவருக்கும் தோன்றக்கூடியது'ன்னு நீங்கதானே சார் எழுதினீங்க? இந்தா, உங்க இனிஷியல்!"

"நான்தான் எழுதினேன். ஆதாரம் இல்லாம எழுதினேன்." என்னைப் பார்க்காம கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். "நீங்க எழுதினது எனக்கு அன்னைக்குப் புரியலை. நான் தறியைக் கண்ணால பார்த்ததில்லை. புரியலைன்னு எழுத வெட்கமா இருந்தது. சாதாரண விஷயம்னு எழுதிட்டேன். அதைச் சத்தியம் பண்ணி உண்மைன்னு சொல்ல என்னால ஆகாது."

எத்தனை வருசம் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேட்ட வசனம்! வார்த்தைக்கு வார்த்தை வந்துடுச்சு. ஆனா அன்னைக்கு மட்டும் அது எனக்கு வேண்டாம். அந்த ஆள் என்னை மட்டம் தட்டினது தட்டினபடியே இருக்கணும், அதில கையெழுத்துப் போடணும், அதுதான் எனக்கு வேணும். அன்னைக்கு அவமானப்படுத்தினார், இன்னைக்கு மன்னிப்புக் கேட்டு ஆளைக் கொல்றார்!

"ஏன் சார், அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா உங்க வாய்ல இருக்கற முத்தா உதிர்ந்திருக்கும்? என் பொழைப்பு போகுது, உங்களுக்கு இப்பத்தான் நேர்மை முளைக்குதா?"ன்னு கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துச்சு. கத்தினேன், பரவாயில்லை.

அவர் பேனாவுக்கு மூடி போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். "உங்க மாமா இன்னும் தறி ஓட்டறாரா?"ன்னார்.

"ஓட்டறார்."

"எந்த பஸ்?"

மறுநாள் காலையில கொள்ளேகால் பஸ்ல ஏறினோம். நான் ரெண்டு சீட் பின்னால போய் உட்கார்ந்துக்கிட்டேன். டி.நரசீபுரத்தில கண்டக்டர், பத்து நிமிஷம்தான் நிக்கும்னார். இவர் வாட்சைப் பார்த்துக்கிட்டே இருந்து, பதினேழாவது நிமிஷம் போய் அதை அவர்கிட்டச் சொல்லிட்டு வந்தார். பஸ்ல இருந்து தள்ளி விட்டுடலாமான்னு இருந்தது.

மாமா வாசல்ல வந்து, "வாங்க, வாங்க. தண்ணி குடிக்கறீங்களா?"ன்னு கூட்டிட்டுப் போனார். இவர் தண்ணியும் குடிக்கலை, உக்காரவும் இல்லை, தறிகிட்டப் போய் நின்னுட்டார். மாமா ஓட்டினார். பாதிப் பூ வந்துச்சு. கையை நீட்டிக் கயித்தை இழுத்துச் சங்கிலியைப் பின்னால திருப்பினார். மீதிப் பாதி வந்து, பூ மூடிக்கிச்சு. இவர் குனிஞ்சு அந்தப் பூவை விரலால தொட்டுப் பார்த்தார், அன்னைக்குத் தடுப்புக் கட்டையைத் தொட்ட மாதிரியே. "இன்னொரு தடவை"ன்னார். மாமா இன்னொரு பூ போட்டுக் காட்டினார்.

"இது எப்ப இருந்து இப்படிப் பண்றீங்க?"

"எங்கப்பன் காலத்துல இருந்துங்க."

எனக்குத் தெரியும், என்ன வரப்போகுதுன்னு. பல்லைக் கடிச்சுக்கிட்டேன். வந்துச்சு. எங்க மாமா முகத்துக்கு நேரா, எழுபது வயசு மனுசன்கிட்ட, "ஆதாரம் இருக்கா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மாமா, "இருக்குதுங்க"ன்னுட்டார்.

ஸ்டூல் போட்டு ஏறி, அட்டாலிப் பரண்ல இருந்து பழைய வேட்டியில சுத்தின ஒரு மூட்டையை இறக்கினார். பழுப்பேறின அட்டைச் சங்கிலி. முதல் அட்டையில மஞ்சள், பிள்ளையார் சுழி, எங்க தாத்தா கையெழுத்துல டிசைன் பேர், தேதி. புது டிசைன்னா முதல் அட்டையைச் சாமிகிட்ட வெச்சுத் தேதி எழுதறது எங்க வீட்டு வழக்கமாம். அப்புறம் டிசைனைப் பாஸ் பண்றப்ப நெசவாளர் சங்கத்தில அந்த அட்டையிலேயே முத்திரை குத்துவாங்களாம். கன்னட எழுத்தில, ஊதா மையில, முத்திரையும் அதுக்குள்ள ஒரு தேதியும். நான் பிறக்கறதுக்கு முந்தின தேதி. மாமா சங்கிலியை நவுத்திக்கிட்டே போய்க் கடைசி அட்டையைக் காட்டினார். சிவப்பு நூல் கட்டி, தாத்தா எழுத்தில, 'இதோட திருப்பு'.

"மாமா! இது இத்தனை நாளும் இங்கயா இருந்துச்சு? என்கிட்ட ஏன் சொல்லலை?"ன்னேன்.

மாமா என்னைப் பார்த்தார். "எப்படி ஓட்டறதுன்னு கேட்ட, சொன்னேன். எப்ப இருந்துன்னோ, தேதி போட்டது இருக்குதான்னோ நீ கேக்கலையே கண்ணு. கேட்டிருந்தா அன்னைக்கே எடுத்துக் கொடுத்திருப்பேன்"னார்.

தேதி போட்டது ஏதாவது இருந்தா கொண்டு வாங்கன்னு ஒருத்தர் என்கிட்டச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில, எங்க வீட்டு அட்டாலியைக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. அந்த ஆள் அப்ப என்னை ஒரு பார்வை பார்த்திருந்தாலோ, லேசாச் சிரிச்சிருந்தாலோ, பழையபடி திட்டிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அட்டையில எத்தனை ஓட்டைன்னு எண்ணிக்கிட்டு இருந்தார்.

வக்கீலம்மா அந்த மூணாவது பத்திக்குப் பதிலா அட்டையை போட்டோ எடுத்து, தள்ளுபடிப் பக்கத்தையும் சேர்த்து, மாமா ஒரு கையெழுத்து, அவர் ரெண்டு பத்திக்கு ஒரு கையெழுத்துன்னு வாங்கிப் பதில் அனுப்பினாங்க. அந்தக் கம்பெனியில இருந்து அதுக்கப்புறம் ஒரு கடுதாசி வரலை. தறியெல்லாம் ஓடுது. அந்த மனுசன் இப்ப மைசூர்ல இல்லை, மகளோட வேற ஊருக்குப் போயிட்டார். போறப்ப அந்தப் பழைய கம்ப்யூட்டரையும் சாவியையும் என் வீட்டில கொண்டு வந்து இறக்கிட்டு, ரசீது எழுதி வாங்கிட்டுப் போனார்.

கொள்ளேகால்ல இருந்து திரும்பின அன்னைக்குச் சாயங்காலமே தள்ளுபடிப் பக்கத்தில, என் பேருக்குக் கீழே, அவர் எழுதியிருந்தது இது. அந்த விக்கியில அவர் சொந்தமா எழுதினது இது ஒண்ணுதான்:

'மேற்கண்ட காரணத்தை எழுதியவர் அன்று தறியைப் பார்த்ததில்லை. இன்று பார்த்தார். சாதாரண விஷயம் என்றது தவறு. போய்ப் பார்க்காதது தவறு. ஆதாரம் கேட்டது சரி.'

அந்தக் கடைசி வரியைப் பார்க்கறப்ப எல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வருது. கை துறுதுறுங்குது. சாவி என்கிட்ட இருக்குது. விக்கிதானே, யார் எழுதினதையும் யார் வேணும்னாலும் அழிக்கலாம். நான் அழிக்கலை.